பத்தொன்பது கார்களும் சந்தனமாரியின் அலுப்பும்

ஆடிக் காற்று தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, பன்னிரண்டாவது காரைத் துடைத்து முடித்த சந்தனமாரி, பதின்மூன்றாவதைத் தொடுவதற்கு முன் இடுப்பில் கை கொடுத்து, "ஒரு நிமிசம்" என்று யாரிடமோ அனுமதி கேட்பதுபோலச் சொல்லிக்கொண்டு, துடைத்து முடித்த காரின் பின்கதவிலேயே சாய்ந்தாள். சாய்ந்தவள் நின்றபடியே உறங்கிப்போனாள். பால்காரனுக்காக வாட்ச்மேன் சேர்மதுரை கேட்டைத் திறந்த சத்தத்தில் விழித்து அவள் விலகியபோது, முதுகு பட்டிருந்த இடம் மட்டும், தோளும் முதுகும் இடுப்புமாக ஒரு பெண்ணின் அளவில், கிணற்றுத் தண்ணீரில் வெயில் விழுந்ததுபோல மின்னிக்கொண்டிருந்தது.

சந்தனமாரி ஆச்சரியப்படவில்லை. பதினோரு வருடமாகத் துடைக்கிறவளுக்கு ஒரு கார் மின்னுவதில் என்ன ஆச்சரியம் இருக்க முடியும்? அவளுடைய கவலை வேறு. மின்னுகிற இடம் மின்னுவதால் மின்னாத இடமெல்லாம் இப்போது மங்கலாகத் தெரிந்தது; கார் சங்கச் செயலாளர் ஞானதிரவியத்தினுடையது; அவர் வந்து பார்த்தால், "ஒரு இடத்தை மட்டும் தேய்ச்சிட்டு மிச்சத்தை விட்டுட்டியா" என்றுதான் கேட்பார். அதனால் கதவின் மற்றப் பாகங்களை அந்த இடத்துக்குச் சமமாகக் கொண்டுவர அரைமணி நேரம் தேய்த்துப் பார்த்தாள், முடியவில்லை, மிச்சம் ஏழு காரும் பிந்திப்போயின, மூன்று பேரிடம் ஏச்சு வாங்கினாள். அற்புதம் நடந்த முதல் நாள் அவளுக்கு அப்படித்தான் போனது.

அலைவாசல் குடியிருப்பு தூத்துக்குடியில் கடலின் மூச்சு படுகிற தூரத்தில் இருந்தது. மூன்று மாடி, இருபத்து நான்கு வீடு, பத்தொன்பது கார். அந்த ஊரில் கார் வைத்திருப்பது சுலபம், காரின் நிறத்தை வைத்திருப்பதுதான் கஷ்டம். கிழக்கேயிருந்து உப்பு வரும், உப்பளப் பக்கமிருந்து வெள்ளைத் தூசி வரும், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளிலிருந்து நிலக்கரித் தூள் வரும், மேலேயிருந்து காக்கையின் எச்சம் வரும், எல்லாவற்றுக்கும் மேலே வெயில் வரும். புதுக் கார் இரண்டு ஆடி மாதம் தாங்கும். மூன்றாவது ஆடியில் கதவின் அடியோரம் பெயின்ட் கொப்புளம் விடும். நான்காவதில் கொப்புளம் உடைந்து துரு எட்டிப் பார்க்கும்.

துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஞானதிரவியம் இதை ஒரு சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டவர். செல்போனில் வீடியோக்களாகப் பார்த்து, குறிப்பெடுத்து, 'சிரமமில்லாமல் காரின் நிறம் காக்கும் வழிகள்' என்று தலைப்புப் போட்டு, லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். பாத்திரம் விளக்கும் சோப்பு ஆகாது, குழந்தை ஷாம்பூ போதும். ஒரு வாளி ஆகாது, சோப்புக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என இரண்டு வாளி வேண்டும். உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் உப்பு கீறிவிடும். காக்கை எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். கடைசியாக, கார் ஈரமாக இருக்கும்போதே மெழுகுத் தண்ணீரை இரண்டு பீச்சு பீச்சித் துடைத்துவிட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையே இல்லை. எல்லாம் உண்மையான வழிகள்தான், ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தலைப்பில் இருக்கிற 'சிரமமில்லாமல்' யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாளி இரண்டு வாளியானபோது, பின்பக்கத்துப் பம்பிலிருந்து நடக்கிற நடை பத்தொன்பதிலிருந்து முப்பத்தெட்டானது, நடந்தவள் ஒருத்தி. பட்டியலின் கடைசியில், தடித்த எழுத்தில், 'வேலையாட்கள் காருக்குள் உட்காரக் கூடாது' என்று போட்டிருந்தது. அதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞானதிரவியம் கதவைப் பார்த்துவிட்டார்.

"மாரி, இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல சார். சாஞ்சேன்."

"எதை வச்சு?"

"முதுகை வச்சுதான் சார்."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடியது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார், மண் ஒட்டாமல் வழிந்தது. "இன்னொரு வாட்டி சாய் பாப்போம்" என்றார். சாய்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் முந்தின நாள் பம்பு ரிப்பேராகி, வேலை குறைந்து, இரவு அவள் நன்றாக உறங்கியிருந்தாள். அவர் முறை தெரிந்த மனிதர், நோட்டுப் போட்டார். விடியற்காலையில் சாயச் சொன்னார், மத்தியானம் சாயச் சொன்னார், காரெல்லாம் துடைத்து, மேலே மூன்று வீட்டில் பாத்திரம் விளக்கி, உப்பு பாக்கெட் போடுகிற ஷெட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாயச் சொன்னார். ஐந்து மணிச் சாய்வில் ஒரு கதவு முழுக்கப் பற்றிக்கொண்டது. ஏழு நாள் சோதனைக்குப் பிறகு நோட்டில் எழுதினார்: 'காரணப் பொருள்: அலுப்பு.'

பொதுக்குழு கூடியது. இது எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு அங்கே மூன்று நிமிடம் ஆனது. இரண்டாம் மாடிப் பல் டாக்டர், மனித உடம்பிலிருந்து எத்தனையோ கசிகிறது, அலுப்பும் கசியும் என்று சொன்னதும் எல்லோருக்கும் திருப்தியாகிவிட்டது. எந்தக் காருக்கு எந்த நாள் என்ற கேள்விக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. முதுகு நேரடியாகப் படுவது நன்றாக இருக்குமா, ஒரு துண்டு விரித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். எந்த முதுகென்றால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, சபையும் நாகரிகமாகக் கேட்கவில்லை. துண்டு விரித்துப் பார்த்தார்கள். துண்டு மின்னியது, கார் மின்னவில்லை. தங்கள் அலுப்பும் ஆகுமா என்று சிலர் முயன்றார்கள். விடைத்தாள் திருத்திவிட்டு வந்த கல்லூரிப் பேராசிரியர் சாய்ந்த இடத்தில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பொட்டு தெரிந்தது. ஞானதிரவியமே கடற்கரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சாய்ந்தார்; வியர்வை மட்டும் ஒட்டியது. 'விருப்பப்பட்டு வாங்கிய அலுப்பு பூச்சுக்கு ஆகாது' என்று நோட்டில் இன்னொரு வரி ஏறியது.

அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பு அற்புதத்தைக் குடிதண்ணீர் லாரி வருவதைப்போல ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் 'சாய்வு' என்று பெயராயிற்று. "இன்னிக்கு யார் வீட்டுச் சாய்வு?" என்று மாடிப்படியில் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்து மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். உப்புக் காற்று பத்தொன்பது கார்களையும் சுற்றிச் சுற்றி வந்து, உட்கார இடம் கிடைக்காமல், எதிர்ச் சுவரில் போய் வெள்ளையாக அப்பிக்கொண்டது. ஷாம்பூ வேண்டாம், வாளி வேண்டாம், மெழுகுத் தண்ணீர் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு ஞானதிரவியம் ஒரே வரி எழுதினார்: 'இதைவிடச் சிரமமில்லாத வழி உலகத்தில் இல்லை.'

அப்புறம்தான் அவர்கள் அந்தத் தவறைச் செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. நல்ல பொருளை வீணாக்கக் கூடாது என்கிற வீட்டுக்கார புத்தியில் செய்ததுதான், அதனாலேயே அதைச் செய்யும்போது ஒருவருக்கும் கூசவில்லை. சந்தனமாரி லிஃப்டில் ஏறி இறங்குவதால் அலுப்பு வீணாகக் குறைகிறது என்று கண்டுபிடித்து, சாய்வு முடிகிறவரைக்கும் லிஃப்டை நிறுத்திவைத்தார்கள். விளக்கப் போகிற வீடுகளில் அவளுக்கு டீ கொடுப்பது அலுப்பைக் கெடுக்கிறது என்று டீயை நிறுத்தினார்கள். கீழே சேர்மதுரையின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் இரண்டு தடவை உட்கார்ந்ததைப் பார்த்து, தீர்மானம் போட்டு, நாற்காலியைப் பூட்டிய அறைக்குள் வைத்தார்கள். உட்கார இடமில்லாமல் சேர்மதுரையும் நின்றான். ஆனால் எல்லோரும் அவளிடம் பிரியமாகப் பேசினார்கள். எதிரே வந்தால் நின்று, முகத்தைப் பார்த்து, "அலுப்பா இருக்கா மாரி?" என்று கேட்டார்கள். பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை அந்த வீடுகளில் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசையோடு கேட்டார்கள்.

"மதினி, நீங்க இப்பம் பெரிய ஆளு" என்பான் சேர்மதுரை, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு. "உங்க முதுகுக்கு லைசென்ஸ் எடுக்கப் போறாவளாம்."

"எடுக்கட்டும். கூடவே இடுப்பு வலியையும் எடுத்துக்கிடச் சொல்லு."

ஏனென்றால் வலி போகவில்லை. கை வீக்கம் போகவில்லை, குதிகால் வெடிப்பு போகவில்லை, முழங்காலின் குடைச்சல் போகவில்லை. சாய்ந்து நிமிரும்போது போனது அலுப்பு மட்டும்தான். முதல் வாரம் அது சுகமாகத்தான் இருந்தது. கண் எரிச்சல் இல்லாமல், கால் பின்னாமல், தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் படுத்த பிறகுதான் தெரிந்தது. உறக்கம் வரவில்லை. அலுப்பு கையில் இருந்தால்தானே அதைக் கொடுத்து உறக்கம் வாங்க முடியும்? அவளிடம் இருந்ததெல்லாம் அலைவாசலில் பத்தொன்பது கார்களின் மேல் மின்னிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் பாத்தி கொத்திவிட்டு வருகிற அவள் கணவன் பால்பாண்டி தலையணையில் காது படும் முன்பே உறங்கிவிடுவான். அவள் பக்கத்தில் விழித்த கண்ணோடு, வலிக்கிற உடம்போடு, வெட்டவெளியில் நிறுத்திவைத்த வண்டி மாதிரிக் கிடப்பாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, நாற்பத்தொரு நாள்.

"ஏ பிள்ள, எனக்கு எக்கச்சக்கமா இருக்கு, இதுல கொஞ்சம் நீ எடுத்துக்கிடேன்" என்று ஒரு விடியற்காலையில் பால்பாண்டி சொன்னான், கேலியாக இல்லை, உண்மையாகவே கையை நீட்டிச் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தாள். அப்படியெல்லாம் மாறி வருகிற பொருளாக அது இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள் ஞானதிரவியத்தின் வீட்டுக்குப் படியேறிப் போனாள். அவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"சார், நான் பழையபடி துடைச்சே குடுத்திருதேன். ரெண்டு வாளியில வேணும்னாலும் துடைக்கேன். சாய வேண்டாம் சார்."

"ஏம்மா, துடைக்கிறது கஷ்டமா, சாயுறது கஷ்டமா?"

"துடைக்கிறதுதான்."

"அப்ப லேசானதை விட்டுட்டுக் கஷ்டத்தைக் கேக்குற. உனக்கும் லேசு, எங்களுக்கும் லேசு. இதுல என்ன நஷ்டம் உனக்கு?"

"உறக்கம் வரல சார். அலுப்பு போச்சுன்னா எதை வச்சு உறங்க?"

ஞானதிரவியம் சிரித்தார். முட்டாள்தனமான சிரிப்பு இல்லை அது. கணக்கு சரியாக வந்தவரின் சிரிப்பு. "அலுப்பே போயிருச்சுன்னா அப்புறம் உறக்கம் எதுக்கும்மா?"

இதற்குப் பதில் இருந்தது. பதில் அவள் வாயில்தான் இருந்தது, ஆனால் உறங்காத நாக்கு வார்த்தையைப் பிடிக்க முடியாமல் நழுவியது. உறக்கம் கழிவல்ல, கூலியில் மிச்சம் பிடித்த பாகம். ஒரு மனுஷி நாள் முழுக்க மற்றவர்களுக்காக இருந்துவிட்டு, கடைசியில் யாருக்காகவும் இல்லாமல் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். இதைச் சொல்ல முடியாமல் அவள் படியிறங்கினாள். கதவுக்குப் பின்னால் சமையலறையில் ஒரு கரண்டிச் சத்தம் நின்றதை அவள் கவனித்தாள், அவர் கவனிக்கவில்லை.

சமையலறையில் நின்றவள் லில்லி புஷ்பம், ஞானதிரவியத்தின் மனைவி. காலை நான்கரைக்கு எழுந்து, ஆறு வேளை சமைத்து, ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்த மாமனாரைப் புரட்டிப் போட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பி, சர்ச்சில் பாடல் குழுவுக்குப் பலகாரமும் செய்துகொண்டு போகிறவள். யாராவது விசாரித்தால் ஞானதிரவியம், "அவ வேலைக்கெல்லாம் போகல, வீட்ல சும்மாதான் இருக்கா" என்பார். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் கார்களின் நம்பர்கூட உண்டு, அவள் பெயர் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு லில்லி புஷ்பம் மூன்று மாடி இறங்கி வந்தாள். கூடைக்குள் வாழைத்தோலுக்கு அடியில் மூடிபோட்ட டம்ளரில் டீ இருந்தது.

"குடி மாரி. சுக்கு தட்டிப் போட்டிருக்கேன்."

"அக்கா, பாத்தாவன்னா சத்தம் போடுவாவ."

"போடட்டும். முப்பத்திரண்டு வருசமா கேக்குறேன், அந்தச் சத்தத்துல ஒண்ணும் புதுசு இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீ சொன்னதைக் கேட்டேன். நெசமாவே உறக்கம் இல்லையா?"

சந்தனமாரி டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கொட்டாவிகூட வரலக்கா. ஒரே ஒரு நாள் வந்துச்சு. போன வாரம் உங்க காருக்குள்ள மிதியடியை உதறிப் போடச் சொன்னாவல்லா, குனிஞ்சு போடும்போது தலை சீட்டுல பட்டுச்சு. அப்ப ஒரு கொட்டாவி வந்துச்சு பாருங்க, வாயெல்லாம் வலிக்கிற மாதிரி. என்னோடதுதான்க்கா அது. எனக்குத் தெரிஞ்சுது. நான் வெளிய பூசினது தகரத்தைத் தாண்டி உள்ளுக்குள்ள ஊறிக் கெடக்கு. அதுக்குள்ள சார் கதவைப் பூட்டிட்டாவ."

"உள்ள உக்காரக் கூடாதுன்னு ஒட்டியிருக்காரே" என்றாள் லில்லி புஷ்பம், யோசனையாக. யோசிக்கும்போது நிற்கிறவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: பக்கத்தில் நின்ற தன் வீட்டுக் காரில் லேசாகச் சாய்ந்தாள்.

அவள் முழுசாகச் சாயவில்லை. ஒரு தோளும் ஒரு கையின் மேல்பாகமும்தான் பட்டன. ஆனால் கதவு, பின்கதவு, கூரை, பானெட், பம்பர், சக்கரத்தின் தட்டு, கண்ணாடியின் விளிம்பு என்று வரிசையாகப் பற்றிக்கொண்டு, அந்தச் சாம்பல் நிறக் கார் முழுக்க ஒரு பெரிய நீர்நிலைபோல விரிந்து மின்னியது. மதில் மேலிருந்த காக்கைகள் தண்ணீர் என்று நினைத்துப் பானெட்டில் இறங்கி அலகைத் தட்டிப் பார்த்தன. கேட்டில் நின்ற சேர்மதுரை கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, யாரென்று தெரியாமலே ஒரு சல்யூட் வைத்தான். எதிர்ச் சுவரில் அப்பியிருந்த உப்புகூட அந்த வெளிச்சத்தில் பூத்ததுபோல இருந்தது. பத்தொன்பது கார்களில் நாற்பது நாளுக்கு மேலாகச் சந்தனமாரி பூசியதெல்லாம் அதன் முன்னால் மங்கித் தெரிந்தது.

சந்தனமாரி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சாயாதீங்கக்கா. போயிட்டா வராது."

மூன்றாம் மாடியிலிருந்து ஞானதிரவியம் இறங்கி வந்தார், அவருக்குப் பின்னால் பல் டாக்டரும் பேராசிரியரும் வந்தார்கள், மேலே பால்கனிகளில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மாரி, இன்னிக்குத்தான் சரியாச் சாஞ்சிருக்க."

"நான் இல்ல சார்."

"பின்ன யாரு?"

"நான்தான்" என்றாள் லில்லி புஷ்பம்.

"நீ எங்க சாஞ்ச? நீ என்ன வேலை பாத்த, உனக்கு அலுப்பு வர?"

கார்தான் அத்தனை பேர் முகத்திலும் அடித்துக்கொண்டு நின்றதே, வேறு யார் என்ன பேச? பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். பால்கனியில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஞானதிரவியம் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் எட்டாத ஒன்று அவர் முகத்துக்கு எட்டிவிடும்போல ஒரு கணம் இருந்தது, எட்டியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவர் குரலை மென்மையாக்கிக்கொண்டு, கல்யாணமான புதிதில்கூடப் பேசியிராத அன்போடு சொன்னார்:

"லில்லி, இந்த முன்கதவுல அடியோரம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கு பாரு. இன்னும் ஒரே ஒரு தடவை."

லில்லி புஷ்பம் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கூடையைக் கீழே வைத்தாள், படியேறிப் போனாள், லிஃப்ட் நின்றிருந்தது, மூன்று மாடி ஏறினாள், மூன்று மாடி இறங்கினாள். வரும்போது கையில் கார் சாவி இருந்தது. முன்கதவைத் துடைக்க வருகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பின்கதவைத் திறந்தாள்.

"ஏறு மாரி."

"அக்கா, உள்ள உக்காரக் கூடாதுன்னு…"

"உக்கார வேண்டாம். படு."

சந்தனமாரி பின்சீட்டில் ஏறிக் காலை மடக்கிப் படுத்தாள். லில்லி புஷ்பம் முன்சீட்டில் ஏறி, அதைப் பின்னால் சாய்த்து, கண்ணாடிகளில் நான்கு விரல் இடம் விட்டு, கதவை உள்ளிருந்து பூட்டினாள். சந்தனமாரி முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், ஒன்றும் வரவில்லை, வராதோ என்று பயந்தாள். பிறகு கணுக்காலில் ஒரு கனம் வந்தது, தெரிந்த கனம், பதினோரு வருடமாகச் சுமந்து பழகிய கனம். அது முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது, முப்பத்தெட்டு வாளியின் தோள்பட்டைக்கு ஏறியது, கண் இமைக்கு வந்து உட்கார்ந்தது, ஒரு கொட்டாவி அவளை இரண்டாகப் பிளந்தது. முன்சீட்டிலிருந்து இன்னொரு கொட்டாவி அதற்குப் பதில் சொன்னது. "எத்தன மணிக்கு எழுப்பக்கா?" என்று சந்தனமாரி பாதி கேட்டாள். பதில் வரவில்லை. பதிலைக் கேட்க அவளும் இல்லை.

கண்ணாடியைத் தட்டினார்கள். முதலில் விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையால், பிறகு மோதிரத்தால். உறக்கத்தின் அடியில் கிடந்த சந்தனமாரிக்கு அது வேறு ஊரில் பெய்கிற மழையாகக் கேட்டது. லில்லி புஷ்பம் குறட்டை விட்டாள். பெரிய, வெட்கமில்லாத, மூன்று மாடிக்கும் கேட்கிற குறட்டை. அந்தக் குறட்டை ஒவ்வொன்றுக்கும் காரின் வெளியே ஒரு சாண் பளபளப்பு உள்ளே வடிந்தது. கூரை மங்கியது, கதவுகள் மங்கின, பானெட்டில் காக்கைகள் கால் மாற்றி உட்கார்ந்து, தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பறந்துபோயின. நாற்பது நாளுக்கு மேலாக உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த காற்று உப்பையும் கரியையும் கொண்டுவந்து ஆற அமர இறக்கி வைத்தது. இருட்டுவதற்கு முன் அது தூத்துக்குடியின் மற்ற எல்லாக் கார்களையும் போல ஒரு கார் ஆகிவிட்டது.

அப்போது இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு கூடை இறங்கியது. காய்கறி வாங்கக் கயிறு கட்டி இறக்குகிற கூடைதான். சேர்மதுரை போய்ப் பார்த்தான். உள்ளே ஒரு கார் சாவி இருந்தது. பல் டாக்டர் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு மேலே பார்த்தார். அவர் மனைவி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "மாரி எந்திரிச்சா அடுத்து நம்ம காரு" என்றாள், "எனக்கும் பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்தாப் போதும்." பிறகு முதல் மாடியிலிருந்து ஒரு கூடை வந்தது, மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு வந்தன. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் அழவில்லை, கூடைகள் மட்டும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

ஞானதிரவியத்துக்கு எச்சம்தான் பொறுக்கவில்லை. ஊறினால் நிறம் அரித்துவிடும், அவருக்கே தெரியும், அவரே எழுதி ஒட்டியது. சந்தனமாரியின் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பம்புக்குப் போனார். இரண்டு வாளி வேண்டும் என்று நினைவு வந்து மறுபடி போனார். துணியைப் பிழியத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைந்தது. ஈரத்துணியை எச்சத்தின் மேல் போட்டுக் காத்திருந்து எடுத்தார், கூரையைத் துடைத்தார், கதவைத் துடைத்தார்.

"மெதுவாத் துடைங்க அங்கிள்" என்றது மேலேயிருந்து ஒரு குரல், "முழிச்சிரப் போறாங்க."

அவர் மெதுவாகத் துடைத்தார். மெதுவாகத் துடைப்பது வேகமாகத் துடைப்பதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கடைசிக் கதவை முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார நாற்காலியைத் தேடினார்.

"பொதுக்குழுவுல பூட்டி வச்சிட்டீங்களே சார்" என்றான் சேர்மதுரை.

லிஃப்டைப் பார்த்தார், அதுவும் நின்றிருந்தது. வேறு வழி தோன்றாமல், இடுப்பில் கை கொடுத்து, "ஒரு நிமிசம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு, காரின் பின்கதவை நோக்கி முதுகைத் திருப்பினார்.

"சாஞ்சிராதீங்க சார்" என்றான் சேர்மதுரை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு. "போயிட்டா வராது."

ஞானதிரவியம் முதுகுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த நான்கு விரல் இடத்தில் அப்படியே நின்றார். உள்ளே சந்தனமாரி புரண்டு படுத்தாள்.